வாய்தா

மெர்தர் டிட்ஃபில் நீதிமன்றத்தில்
பெயர் கூப்பிடுவது என் வேலை.
நம் ஊரில் டவாலி என்பார்கள்.
இங்கே தலைப்பாகை இல்லை,
கறுப்பு அங்கியும் ஒரு கிளிப் பலகையும்.
மூன்று தடவை கூவ வேண்டியதும் இல்லை.
ஒரு தடவை,
காபி இயந்திரத்தின் உறுமலுக்கு மேலே கேட்டால் போதும்.

"டெல்வின் ப்ரோதெரோ."
எழுந்து வருவார்,
அல்லது வரமாட்டார்.
முதல் வாய்தாவில் அவருக்கு முதுகுவலி.
அடுத்ததில் கூரை ஒழுகி
இரண்டாம் அறை பூட்டியிருந்தது.
பிறகு வக்கீல் மாறினார்.
புது வக்கீலுக்குப் புகைப்படங்கள் போய்ச் சேரவில்லை,
சேர்ந்த பிறகு திறக்கவில்லை,
திறந்தபோது
கால்நடை மருத்துவர் மாக்தா
பேறுகால விடுப்பில் இருந்தார்.

தாளில் குதிரைக்குப் பெயர் கிடையாது.
பழுப்பு. பெட்டை. வயது ஏழு இருக்கலாம்.
அந்த 'இருக்கலாம்' ஒன்றைத்தான்
இதுவரை யாரும் ஆட்சேபிக்கவில்லை.

ஒவ்வொரு முறையும் கெரிஸ் வருவாள்.
ப்ரெக்கனுக்கு அந்தப் பக்கம் ஒரு கொட்டிலில்
குதிரையைப் பார்த்துக்கொள்பவள்.
பெஞ்சின் கோடியில் உட்காருவாள்,
ஸ்வெட்டரில் எப்போதும் ஒரு வைக்கோல் துணுக்கு.
"இன்றைக்கு நடக்குமா?"
தெரியாது என்று சொல்லவும்
என் வேலையில் இடமில்லை.
உட்காருங்கள் என்பேன்,
உட்கார்ந்திருப்பவளிடம்.

நாலாவது வாய்தாவில் போனை நீட்டினாள்:
நனைந்த காது, நாலு குச்சிக்கால், ஒரு குட்டி.
பறிமுதல் செய்த அன்று
அந்த எலும்புகளுக்குள் அது இருந்தது
யார் கணக்கிலும் வரவில்லை.
குற்றப்பத்திரிகையில் ஒன்று,
கொட்டிலில் இரண்டு.
வழக்கு முடியும்வரை தாயை யாருக்கும் தரக்கூடாது.
குட்டிக்கு வழக்கே இல்லை,
ஆனாலும் அது எங்கே போகும்?
எழுந்து நின்றது. ஓடியது. பால் மறந்தது.
பால்பல் விழத் தொடங்கியபோதும் நாங்கள்
'இரு தரப்பும் தயாரா' என்ற கேள்வியிலேயே
நின்றிருந்தோம்.

எட்டாவது தேதியில் விசாரணை நடந்தேவிட்டது.
கதவருகே நின்றேன்.
திரையில் முதல் படம்:
தலைக்கயிறு மூக்குத்தண்டில் புதைந்து
அதன்மேல் தோல் மூடத் தொடங்கியிருந்தது.
நீதிபதிகள் மூவரில் ஒருவர்
தண்ணீர் டம்ளரைக் கொஞ்சம் தள்ளி வைத்தார்.
மாக்தா நிதானமாகச் சொன்னார், மில்லிமீட்டரில்.
(அவர் குழந்தை இப்போது நடக்கிறதாம்.)

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார்.
மோசமானவர் இல்லை,
காலையில் எனக்காகக் கதவைப் பிடித்து நின்றவர்.
கெரிஸிடம் கேட்டார்:
குதிரை இப்போது எப்படி?
நன்றாக இருக்கிறது.
ஓடுகிறதா?
ஓடுகிறது.
எடை?
நானூற்று அறுபது கிலோ,
என்று சொல்லும்போது அவள் முகத்தில்
அடக்க முடியாத ஒரு பெருமை.
"ஆக, நிரந்தரமான கேடு ஒன்றுமில்லை"
என்று சொல்லி உட்கார்ந்தார்.

இரண்டு வருடம் ஏழு மாதம்
கையளவு கையளவாக அவள் ஏற்றிய சதை
மொத்தமும் போய்
அவருடைய தட்டில் உட்கார்ந்துகொண்டது.

குற்றம் என்றுதான் சொன்னார்கள்.
தண்டனை பிறகு,
ஓர் அறிக்கை வர வேண்டும்,
ஒன்பதாவது தேதி தபாலில் வரும்.
ப்ரோதெரோ முதுகைப் பிடித்துக்கொண்டு
மெல்ல எழுந்தார்.
வலி நிஜமாகவும் இருக்கலாம்.

தாழ்வாரத்தில் கெரிஸ்
கோட்டை மாட்டாமல் கையில் வைத்திருந்தாள்.
"நொண்டுகிறது என்று
சொல்லியிருக்க வேண்டுமோ?"

என் பலகையில் அடுத்த தாள் மேலே வந்திருந்தது.
ஒரு வேன் ஓட்டுநர்.
முப்பது மைலில் போக வேண்டிய தெருவில்
நாற்பத்தெட்டு.
கூப்பிட்டேன்.
அவர் எதிரிலேயே நின்றிருந்தார்,
கையைக்கூடத் தூக்கினார்.
இருந்தும் கூப்பிட்டேன்,
ஊரில் கூப்பிடுவதுபோல்,
மூன்று தடவை.